பாட்டி வீட்டு மர அலமாரி: 150 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) சரி செய்ய முடியுமா?

கெலுகோர்_மலர்

வணக்கம். எங்கள் பாட்டி பினாங்கு மாநிலத்து நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது, 60களில், கூட்டுக் காசு (சீட்டுப் பணம்) எடுத்து வாங்கிய மர அலமாரி இப்போது என் வீட்டுக்கு வந்திருக்கிறது. இரண்டு கதவு, வலது கதவில் ஆள் உயரக் கண்ணாடி, அடியில் நீளமாக ஒரு இழுப்பறை, பித்தளைக் கைப்பிடிகள். நல்ல கனம். லாரியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

நிலவரத்தைச் சொல்கிறேன். பூச்சு கருத்துப்போய், தொட்டால் பிசுபிசுவென்று இருக்கிறது, பக்கவாட்டுப் பலகைகளில் பொடிப்பொடி வெடிப்பு. மேல்பலகையில் சூடான பாத்திரம் வைத்த வெள்ளை வட்டம். இழுப்பறை பாதியில் சிக்கிக்கொள்கிறது, பின்கால் ஒன்று ஆடுகிறது. உள்ளே ஒரு தட்டிலிருந்து மட்டும் தூள் கொட்டுகிறது, அதுதான் எனக்குப் பயம்.

ஒரு கடையில் படத்தைக் காட்டிக் கேட்டேன், 900 வெள்ளி என்றார்கள். அதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்கிறார் கணவர். அம்மாவோ வெள்ளை பெயின்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் என்கிறார். எனக்குத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பெயின்ட் அடிக்கவும் மனம் வரவில்லை. 150 வெள்ளிக்குள், மெஷின் எதுவும் இல்லாமல், என்ன செய்யலாம்? அடுக்குமாடி வீடு, பால்கனி மட்டும்தான் இடம்.

சுங்கைபாக்காப்காரன்

அம்மா சொல்வதைக் கேளுங்கள் அக்கா. மணல்தாள் நாலு ஷீட், ஒரு லிட்டர் பெயின்ட், ஒரு பிரஷ், 70 வெள்ளிக்குள் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு சாமான்களுக்கு இப்படித்தான் அடித்தோம், வருகிறவர்கள் எல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். இருட்டான பழைய அலமாரியைச் சின்ன வீட்டில் வைத்தால் அறையே இன்னும் சின்னதாகத் தெரியும்.

பழையபட்டறை

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். என்ன மரம், என்ன பூச்சு என்று தெரியாமல் டப்பாவைத் திறக்கக்கூடாது.

நான் புக்கிட் மெர்தாஜாமில் தளவாடப் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி, முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, இழுப்பறையைக் கழற்றி அதன் பக்கப் பலகையின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே யாரும் பூச்சு அடித்திருக்க மாட்டார்கள், மரத்தின் சொந்த நிறம் அங்கேதான் தெரியும். கதவின் ஓரத்தையும் பாருங்கள்: முகத்தில் ஓடும் ரேகை ஓரத்திலும் தொடர்ந்தால் முழுப் பலகை, மெல்லிய ஏடு ஒட்டின கோடு தெரிந்தால் வெனீர். வெனீர் என்றால் மணல்தாளைக் கையில் எடுக்கவே யோசிக்க வேண்டும், நாலு தேய்ப்பில் அடிப் பிளைவுட் தெரிந்துவிடும்.

இரண்டு, பூச்சுச் சோதனை. பின்பக்கம் கண்ணில் படாத ஒரு இடத்தை டர்பென்டைன் தொட்ட துணியால் துடைத்து, பல வருட மெழுகையும் எண்ணெயையும் எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து அரை நிமிடம் வையுங்கள். பூச்சு இளகிப் பஞ்சு ஒட்டிக்கொண்டால் அது ஷெல்லாக், நம் ஊர் அரக்குதான். ஒன்றும் ஆகாவிட்டால் வேறொரு இடத்தில் தின்னர் வைத்துப் பாருங்கள், அதில் கரைந்தால் லேக்கர். எதற்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரிதேன்.

மூன்று, அந்தத் தூள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவாக இருக்கிறதா, ரவை மாதிரி குருணையாக இருக்கிறதா?

கெலுகோர்_மலர்

பார்த்துவிட்டேன் ஐயா. இழுப்பறையின் உள்பக்கம் தேன் நிறத்தில் இருக்கிறது, ரேகை நீளநீளமாக ஓடுகிறது, மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் லேசாகத் தோல் வாசனை. கதவு முழுப் பலகைதான். ஸ்பிரிட் வைத்த இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு பழுப்பாகிவிட்டது. தூள் சுத்தமான மாவு, டால்கம் பவுடர் போல விரல் ரேகையில் நிற்கிறது. தூள் கொட்டும் தட்டு மட்டும் மற்றவற்றைவிட வெளுப்பாக இருக்கிறது.

பழையபட்டறை

தோல் வாசனை வருகிறது என்கிறீர்களா, அப்படியானால் பெரும்பாலும் தேக்கு. நீங்கள் போட்ட படத்தில் ரேகையைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. பாட்டி நல்ல சாமானாகப் பார்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறார்.

இதற்குப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். முழுவதும் சுரண்டி எடுக்கவும் வேண்டாம். பழைய மரச் சாமான் அழுக்காகத் தெரிவதற்குக் காரணம் பல சமயம் மரம் அல்ல, பூச்சுகூட அல்ல, அதன்மேல் படிந்த அடுப்புப் புகை, சாமி விளக்குப் புகை, தலை எண்ணெய், கைப்பிசுக்கு, அப்புறம் ஆளாளுக்குத் தடவிய பாலிஷ். அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, ஆடுகிற இணைப்பை இறுக்குவது. பூச்சு மூன்றாவதாகத்தான் வரும். ஆனால் எல்லோரும் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், கடைக்காரரும் அதற்குத்தான் காசு வாங்குகிறார். ஆடும் காலுக்கு மேல் எத்தனை கோட் அடித்தாலும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

சுத்தம் செய்வது எப்படி என்றால், டர்பென்டைனைப் பழைய பனியன் துணியில் தொட்டுச் சின்னச் சின்ன இடமாகத் துடையுங்கள். ஷெல்லாக்கை டர்பென்டைன் ஒன்றும் செய்யாது, மெழுகையும் பிசுக்கையும் மட்டும் எடுக்கும். துணி கறுத்ததும் மாற்றுங்கள், அதே துணியால் தேய்த்தால் அழுக்கை இங்கிருந்து அங்கே கொண்டுபோவதுதான் நடக்கும். அதற்குப் பிறகும் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, துணியை முறுக்கிப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஷெல்லாக்கில் தண்ணீர் நிற்கவே கூடாது.

வெடிப்பு விழுந்த பக்கப் பலகைகளுக்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ஷெல்லாக் எத்தனை வருடமானாலும் ஸ்பிரிட்டில் மறுபடி கரையும். மென்மையான பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து, உதறிவிட்டு, ரேகை போகும் திசையில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. திரும்பி அதே இடத்துக்குப் போகக்கூடாது. பழைய பூச்சு இளகி, வெடிப்புகள் தாமாக மூடிக்கொள்ளும். காய்ந்ததும் இன்னும் தெரிந்தால் இன்னொரு முறை. பலகையைப் படுக்கவைத்துச் செய்தால் வழியாது. இதற்கு ஆகும் செலவு ஒரு பாட்டில் ஸ்பிரிட்தான்.

சுங்கைபாக்காப்காரன்

இது எனக்குப் புதிது அண்ணே. பழைய பூச்சை எடுத்துவிட்டுத்தான் புதுசு அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம், ஷெல்லாக் சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்காதே, அப்புறம் எதற்கு அதையே திரும்ப அடிக்க வேண்டும்?

பழையபட்டறை

சாப்பாட்டு மேசையாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி, ஷெல்லாக் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். சூடு, தண்ணீர், ஸ்பிரிட் மூன்றும் அதற்கு ஆகாது. ஆனால் துணி அலமாரிமேல் யார் தினமும் குழம்புச் சட்டி வைக்கப்போகிறார்கள்? அதற்குப் பதிலாக, நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரி செய்யலாம், பாலியூரிதேனில் அது நடக்காது, முழுப் பலகையையும் தேய்க்க வேண்டும்.

பூச்சிமருந்து_அக்கா

தூள் பற்றி நான் சொல்கிறேன். பூச்சி ஒழிப்பு வேலையில் பல வருடம் இருந்தவள்.

மாவாகக் கொட்டினால் அது கறையான் அல்ல, மரத்தை உளுக்க வைக்கும் சின்ன வண்டு. அதன் புழு மரத்துக்குள்ளேயே வளர்ந்து, வண்டாகி வெளியே வரும்போது குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை போடும். நீங்கள் பார்க்கும் ஓட்டை அது வெளியேறிய வாசல். உலர் மரக் கறையான் என்றால் மாவு வராது, மணல் போல உருளும் குருணை வரும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை இருக்கும். அது வந்தால் வேறு கதை, பக்கத்தில் இருக்கும் கதவு நிலையையும் பார்க்க வேண்டும்.

இந்த வண்டுக்கு வேண்டியது மரத்தில் இருக்கும் மாவுச்சத்து. அதனால் பட்டைக்கு அடுத்திருக்கும் வெளிமரத்தைத்தான் தின்னும், தேக்கின் நடுமரத்துக்கு வராது. வெளுத்த தட்டில் மட்டும் தூள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது பிற்காலத்தில் யாரோ மாற்றிய பலகையாக இருக்கும், ரப்பர் மரமாகவே இருக்கலாம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், மருந்தில் ஊறவைக்காத பலகை என்றால் வண்டுக்கு விருந்துதான்.

முதலில் வண்டு இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தட்டை நன்றாகத் தட்டித் தூளைக் கொட்டிவிட்டு, அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்து வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புதுத் தூள் விழவில்லை என்றால் அது பழைய ஓட்டையிலிருந்து உதிர்ந்தது, கவலை வேண்டாம். விழுந்தால் அந்த ஒரு தட்டைக் கழற்றி வீசிவிட்டுப் புதுப் பலகை போடுவதுதான் மலிவு. காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால், பூச்சு இல்லாத மரத்தில் வெண்காரத்தைச் சுடுதண்ணீரில் கரையும் மட்டும் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிரஷால் நன்றாகக் குடிக்க விடுங்கள். பூச்சு மேல் அடித்தால் உள்ளே இறங்காது. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம், வீடு முழுக்க நாறும், தீப்பிடிக்கிற பொருள் வேறு, மரத்தின் ஆழத்தில் இருக்கும் புழுவுக்கும் போய்ச் சேராது.

பழையபட்டறை

அக்கா சொன்னது அப்படியே பொருந்துகிறது. இந்த அலமாரி 60களில் வாங்கியது என்றால் அதில் முதலிலிருந்தே ரப்பர் மரத் தட்டு இருக்க வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்தில் பால் நின்ற ரப்பர் மரத்தை வெட்டினால் விறகுக்குத்தான் போகும், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டுக்கும் செங்கல் சூளைக்கும். 25, 30 வருடம் நம் ஆட்கள் பால் வெட்டிய மரம் கடைசியில் அடுப்பில் முடிந்தது. மருந்தில் ஊறவைத்து, சூளையில் காயவைத்து, நாற்காலி மேசை செய்து கப்பலேற்றுவது 80களில்தான் பெரிதாக வளர்ந்தது. இப்போது மூவாரில் அதுதான் பெரிய தொழில்.

செந்தூல்_ஜன்னலோரம்

கேஎல்-லிருந்து (கோலாலம்பூர்) எழுதுகிறேன். பழையபட்டறை ஐயா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் பெயின்ட் என்றாலே குற்றம் என்பது போலப் பேச்சு போகிறது, அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

எங்களிடம் இருந்தது தேக்கு இல்லை. வாடகை வீட்டில் முன்பிருந்தவர்கள் விட்டுப்போன ரப்பர் மர மேசையும் நாலு நாற்காலியும். மேலே மஞ்சள் கலந்த வார்னிஷ், பாதி உரிந்தது. அதைச் சுத்தம் செய்து அப்படியே வைத்திருந்தால் அழகாக இருந்திருக்காது, யாருக்கும் அதில் நினைவு எதுவும் ஒட்டியிருக்கவும் இல்லை. நாற்காலிகளுக்கு அடர்பச்சை அடித்தேன். மேசைப் பலகையை மட்டும் சுரண்டி எடுத்து வேறு மாதிரி செய்தேன், பைசா செலவில்லாத வழி, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஸ்டீல் வுல் ஒரு கைப்பிடியை வெள்ளை வினிகரில் போட்டு, மூடியை இறுக்காமல் ஓரிரு நாள் விட வேண்டும். வாயு வெளியேற வழி இருக்கட்டும், அதற்குத்தான் மூடி தளர்வாக இருக்கச் சொல்கிறேன். இரும்பு கரைந்து சாம்பல் நிறத் தண்ணீராகும். மரத்தில் இதற்கு முன் கெட்டியான கறுப்புத் தேநீர், பாலும் சீனியும் இல்லாமல், இரண்டு முறை பூசிக் காயவிட வேண்டும், ரப்பர் மரத்தில் துவர்ப்புச் சத்து குறைவு என்பதால் தேநீர்தான் அதைக் கொடுக்கிறது. அதன்மேல் வினிகர்த் தண்ணீரைப் பூசினால் கண்ணெதிரே நிறம் மாறும். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், கொஞ்ச நேரத்தில் ரேகைகளுக்குள் சாம்பல் ஏறும், பிறகு பழைய கோப்பிக் கடை மேசையின் கருமை வந்துவிடும். காய்ந்ததும் லேசாக 320ஆம் எண் மணல்தாளால் வருடிவிட்டு, தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் மூன்று கோட். தினமும் சாப்பிடுகிறோம், கறை இல்லை.

நாற்காலி பெயின்ட் விஷயத்தில் இரண்டே வார்த்தை. பிசுக்கைக் கழுவாமல், 180 மணல்தாளால் மங்கலாக்காமல், பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காமல் மேல் பெயின்ட் அடித்தால் நகத்தால் கீறினாலே உரியும். அப்புறம் காய்வது வேறு, இறுகுவது வேறு. தொட்டால் ஒட்டவில்லை என்று அன்றைக்கே அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு மூன்று வாரமாவது மெதுவாகப் புழங்குங்கள்.

பழையபட்டறை

ரப்பர் மர நாற்காலிக்குப் பெயின்ட் அடித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல வேலை. தேநீரும் வினிகரும் சரியான முறைதான், தேக்கில் செய்தால் தேநீர் இல்லாமலே கருக்கும், அதனால் தங்கச்சி ஆசைப்பட்டு அலமாரியில் முயல வேண்டாம்.

இரண்டுபிள்ளைகள்

பெயின்ட் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. பழைய காலத்துப் பச்சை, நீல, வெள்ளை பெயின்ட் அடித்த சாமான்களைக் காய்ந்த மணல்தாளால் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். தேய்த்தால் பறக்கும் தூள் தரையில் படியும், தவழும் குழந்தை அதே கையை வாயில் வைக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்கிற அளவே அதற்குக் கிடையாது. தண்ணீர் தெளித்து ஈரத்தில் தேய்க்கும் மணல்தாள் இருக்கிறது, கறுப்பு நிறத்தில், அதைப் பயன்படுத்துங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், துடைத்த துணியைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரிந்து விழாத பெயின்ட் என்றால் தேய்க்காமல் மேலேயே பிரைமர் அடித்து மூடிவிடுவது இன்னும் நல்லது. தொட்டிலும் பிள்ளைக் கட்டிலும் என்றால் என்னைக் கேட்டால் தொடவே வேண்டாம்.

கெலுகோர்_மலர்

மிக்க நன்றி இரண்டுபிள்ளைகள், எனக்கும் நாலு வயதில் ஒருத்தி இருக்கிறாள். நல்லவேளை அலமாரியில் பெயின்ட் எதுவும் இல்லை.

ஐயா, பின்காலையும் இழுப்பறையையும் பற்றிச் சொல்லவில்லையே? வெள்ளை வட்டம்? கைப்பிடிகள்? பொருட்களை எங்கே வாங்குவது?

பழையபட்டறை

கால் ஆடுவது பழைய பசை செத்துப்போனதால். முக்கியமான விஷயம், பழைய பசைமேல் புதுப் பசை ஊற்றினால் பிடிக்காது. புதுப் பசைக்கு மரம் வேண்டும். காலைச் சுற்றித் துணி வைத்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் கழற்றுங்கள். அந்தக் காலத்து அலமாரி என்றால் எலும்புப் பசையாக இருக்கலாம், சுடுதண்ணீர் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் கொழகொழவென்று இளகி வரும். முளையிலும் குழியிலும் ஒட்டியிருப்பதைப் பழைய கத்தியால் மரத்தைச் சீவாமல் வழித்து எடுங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு வெள்ளை மரப்பசை இரண்டு பக்கமும் தடவிப் பொருத்துங்கள்.

கிளாம்ப் வாங்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, காலையும் சட்டத்தையும் சேர்த்து இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். எந்தக் கோணலான இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும், மரத்தில் தழும்பும் விழாது. சைக்கிள் கடையில் பஞ்சரான டியூபைச் சும்மாவே கொடுப்பார்கள். பிதுங்கி வரும் பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அந்த இடம் பூச்சு குடிக்காமல் வெளுத்துத் தெரியும். கட்டியதை மறுநாள் அவிழ்க்கலாம். ஆணி மட்டும் அடித்துவிடாதீர்கள், மரம் பிளக்கும், அடுத்து சரி செய்கிறவனுக்கும் வழியில்லாமல் போகும்.

இழுப்பறை சிக்கும் இடம் எது என்று பாருங்கள், அங்கே மரம் பளபளவென்று தேய்ந்திருக்கும். மெழுகுவர்த்தியை அந்த ஓரத்திலும் அது ஓடும் கட்டையிலும் அழுத்தித் தேய்த்தாலே போதும். மழை மாதத்தில் மட்டும் சிக்கினால் சீவ வேண்டாம், மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது, வெயில் காலத்தில் தானாக இறங்கும்.

வெள்ளை வட்டம் பூச்சுக்குள் மாட்டிய ஈரம். ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு, கையில் தட்டினால் ஈரம் தெரியாத அளவுக்குக் காயவிட்டு, அந்த வட்டத்தின்மேல் இறகால் தடவுவது போல இரண்டு மூன்று இழுப்பு. மறைந்துவிடும். கறுப்பு வட்டமாக இருந்தால் தண்ணீர் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று பொருள், அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட் வேண்டும், விஷம், பிள்ளை இருக்கும் வீட்டில் நான் சொல்லமாட்டேன்.

ஆயர்ஈத்தாம்_வடிவு

பள்ளம் ஏதாவது விழுந்திருக்கிறதா மலர்? கதவில் அடிபட்ட இடம் மாதிரி? நார் அறுபடாமல் அமுங்கியிருந்தால் தூக்கிவிடலாம். பூச்சு இல்லாத மரத்தில்தான் நன்றாக வேலை செய்யும், ஷெல்லாக் மேல் செய்தால் அந்த இடம் வெளுக்கும், பிறகு ஸ்பிரிட்டால் சரி செய்துகொள்ள வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பள்ளத்தில் விட்டு ஊறவிட்டு, ஈரத்துணியை மடித்து வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியின் நுனியை வைத்தால் உஸ்ஸென்று ஆவி வரும். ஆவி ஏறினதும் அமுங்கின நார் ஊதி எழும்பும். என் தையல் மேசையில் கத்தரிக்கோல் விழுந்த குழி இப்படித்தான் சமமானது, இப்போது விரலால் தடவினாலும் தெரியவில்லை.

கைப்பிடிக்குப் புளியும் உப்பும்தான், நம் குத்துவிளக்குக்கு என்ன செய்கிறோமோ அதே. ஆனால் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், புளித்தண்ணீர் மரத்தில் பட்டால் கறை. அதற்கு முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பின்மேல் பித்தளை முலாம், தேய்த்தால் முலாம் போய்விடும், சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருகாணிகளை ஒவ்வொரு கைப்பிடிக்கும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி வையுங்கள். பழைய திருகாணி காணாமல் போனால் அதே அளவில் கிடைப்பது கஷ்டம்.

கிடைக்காவிட்டால் பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போங்கள், காலையிலேயே. பழைய பூட்டு, கீல், கைப்பிடி, சாவி எல்லாம் தரையில் குவித்து வைத்திருப்பார்கள், ஒரு கைப்பிடியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்கலாம், விலையைக் கேட்டதும் கொடுத்துவிடாதீர்கள், பேசுங்கள். மணல்தாள், பசை, ஸ்பிரிட் எல்லாம் பக்கத்து ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும்.

செந்தூல்_ஜன்னலோரம்

கேஎல் பக்கம் யாராவது படித்தால், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் சனி ஞாயிறு கூடும் பழைய பொருள் சந்தையில் இதே மாதிரி சில்லறைச் சாமான்களைத் தேடலாம். விலை பினாங்கைவிடக் கொஞ்சம் கூடத்தான்.

பழையபட்டறை

ஷெல்லாக் வாங்கும்போது சின்ன டப்பாவாக வாங்குங்கள். கரைத்து வைத்த ஷெல்லாக் நாளானால் காயாது, எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும். சில்லாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, வேண்டிய அளவு மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கண்ணாடித் துண்டில் தடவிப் பாருங்கள், அரை மணியில் காயவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

மழை நாளில் அடிக்காதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து பனி மூடினது போல வெளுத்துவிடும். பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மாலை மழை அதிகம், அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். வெயிலில் வைத்தும் அடிக்கக்கூடாது, குமிழி வரும். பால்கனி நிழல் சரியான இடம். அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் வேண்டாம், ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும்.

மெல்லிசாக மூன்று கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 400 மணல்தாளால் கை பாரம் போடாமல் ஒரு வருடல். கடைசியில் நாலைந்து நாள் விட்டு, தேன்மெழுகுப் பாலிஷ் துணியில் எடுத்துத் தேய்த்துவிட்டால் கண்ணாடி மினுக்கல் இல்லாமல் உள்ளிருந்து வரும் பளபளப்பாக இருக்கும்.

கெலுகோர்_மலர்

எல்லோருக்கும் நன்றி. இடது கதவை மட்டும் டர்பென்டைனால் துடைத்துப் பார்த்தேன். துணியில் வந்தது கறுப்பும் இல்லை பழுப்பும் இல்லை, தார் மாதிரி ஒன்று. கதவுக்கு அடியில் ஒரு சின்னப் பூவேலைப்பாடு செதுக்கியிருக்கிறது, அழுக்கு அடைத்துக்கொண்டு இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயின்ட் பேச்சை அவரே விட்டுவிட்டார். கணவர் காலைக் கழற்றப் போகிறேன் என்று சைக்கிள் கடைக்குப் போயிருக்கிறார்.

இதுவரை செலவு: டர்பென்டைன், ஸ்பிரிட், பசை, மணல்தாள், பிரஷ், சின்ன டப்பா ஷெல்லாக் எல்லாம் சேர்த்து 85 வெள்ளி சொச்சம். தட்டுக்கு அடியில் கறுப்புத் தாள் விரித்தாயிற்று.

மீதி இரண்டு கேள்வி. உள்ளே அந்துருண்டை வாசனையும் பூசண வாடையும் சேர்ந்து அடிக்கிறது. இன்னொன்று, கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள், அதைத் துடைத்தால் போகுமா?

பூச்சிமருந்து_அக்கா

பூசணத்துக்கு முதலில் கதவைத் திறந்துபோட்டு நிழலில் காற்றாட விடுங்கள். சுள்ளென்ற வெயிலில் வைக்காதீர்கள், பலகை கோணும். உள்பக்கத்தை வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் காயவையுங்கள். சமையல் சோடா ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினால் வாடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். திரும்ப நிறுத்தும்போது சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள், அதுவும் வெளிச்சுவராக இருந்தால் கட்டாயம். முதுகுப் பலகைக்குக் காற்று வராததால்தான் பாதி அலமாரிகளில் பூசணம் பிடிக்கிறது.

பழையபட்டறை

வாடை அதற்குப் பிறகும் போகாவிட்டால் உள்பக்கத்துக்கும் அதே ஷெல்லாக் ஒரு கோட் கொடுங்கள், வாடையை அடைத்துவிடும். எண்ணெய் வார்னிஷ் உள்ளே அடிக்காதீர்கள், மூடிய அலமாரியில் அதன் நெடி மாதக்கணக்கில் நிற்கும், துணியெல்லாம் ஏறும்.

கண்ணாடிப் புள்ளி துடைத்தால் போகாது. பின்பக்கம் பூசிய வெள்ளி ஈரத்தில் அரித்துப்போனது அது. எனக்கென்னவோ அப்படியே விடலாம் என்று தோன்றுகிறது. தெளிவாக முகம் பார்க்க வேண்டும் என்றால் கண்ணாடிக் கடையில் அதே அளவில் புதிது வெட்டிப் பொருத்துங்கள், பழையதை வீசாமல் அதன் பின்னாலேயே வைத்து மூடலாம், சட்டத்தில் ஆழம் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது, பின்னால் படிக்கிறவர்களுக்காக. யாராவது ஷெல்லாக்குக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் தடவினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் சூடு அடைபட்டுத் தானாகத் தீப்பிடிக்கும். கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

சுங்கைபாக்காப்காரன்

அண்ணே, எங்கள் வீட்டில் பிரம்பு பின்னிய நாற்காலி ஒன்று இருக்கிறது, பெயின்ட் அடிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன், இதையெல்லாம் படித்த பிறகு நிறுத்திவிட்டேன். பிரம்பு எங்கும் அறுந்துபோகவில்லை, உட்காரும் இடம் மட்டும் தொய்ந்துவிட்டது. புதிதாகப் பின்னத்தான் வேண்டுமா?

பழையபட்டறை

அறுந்துபோகவில்லை என்றால் பின்ன வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். பிரம்பின் மேல்முகம் வழுவழுப்பு, தண்ணீர் இறங்காது, அடிமுகம்தான் குடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து அடிப்பக்கம் முழுவதும் நன்றாக ஊறுகிற மாதிரி ஒற்றுங்கள், மரச்சட்டத்தில் அதிகம் படாமல். பிறகு நிழலில் நன்றாகக் காயவிடுங்கள், குறைந்தது ஒரு நாள். காயும்போது சுருங்கி இழுத்துக்கொள்ளும். ஒரு முறையில் போதவில்லை என்றால் மறுபடி செய்யலாம். முழுக்கக் காய்வதற்குள் யாரையும் உட்கார விடாதீர்கள், ஈரத்தில் உட்கார்ந்தால் முன்பைவிட அதிகமாகத் தொய்யும்.